கடல் ரோட்டாக இருந்த ஊர்

தைப்பொங்கலன்று புக்கை சாப்பிட்ட கையோடு நாங்கள் நாலு பேர் இரண்டு மோட்டார்சைக்கிளில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டோம். அச்சுவேலி தாண்டி, சந்நிதி கோயிலடியால் தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஏறேக்கையே பின்னாலிருந்தவன் "அங்க பாரடா" என்று கத்தினான். கிழக்குப் பக்கம் வானத்தில் கறுப்புப் பொட்டுகள். முதலில் பருந்துக் கூட்டம் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போகப் போக ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்தது.

வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பொங்கலுக்கு நடக்கிற பட்டத் திருவிழாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அதற்கென்றே சனம் வருகிறது. நாங்கள் போனபோது மோட்டார்சைக்கிளை அரை மைலுக்கு முன்னமே விட்டிட்டு நடக்க வேண்டியிருந்தது. ஐஸ்கிறீம் வான், கச்சான் கடை, சவுண்ட் பொக்ஸ், பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு ஒலிபெருக்கியில் அறிவித்தல் எல்லாம் இருந்தது. இவ்வளவும் எந்த ஊர்த் திருவிழாவிலும் இருக்கிறதுதான்.

ஆனால் மேலே போகிற சாமான் வேறு. கொக்கு, பிராந்து, எட்டுமூலை எல்லாம் நாங்கள் சின்ன வயதில் ஏற்றினதுதான். இங்கே அவை அரிச்சுவடி. இங்கே ஆறேழு பேர் தூக்கிக்கொண்டு வருகிற பட்டங்கள், காற்றில் போனபிறகு இறக்கையை அடிக்கிற பட்டங்கள், மேலே போய் ஏதோ ஒரு வித்தை காட்டுகிற பட்டங்கள் எல்லாம் வருகின்றன. ஒவ்வொரு குழுவும் மாதக்கணக்கில் மறைவாக வேலை செய்து அன்றைக்குத்தான் வெளியே கொண்டுவருகிறது. காற்று அதுகளைப் பிடிக்கிற அந்த ஒரு நிமிடத்தில் கூட்டம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். சிலது எழும்பும். சிலது மண்ணில் குத்தி, ரெண்டு மாச வேலை ரெண்டு செக்கனில் முறிந்துபோகும். முறிந்த பட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பொடியன் இடுப்பில் கைவைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

விளையாட்டு என்றாலும் ஆபத்தில்லாத விளையாட்டல்ல. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு இளைஞர் பெரிய பட்டத்தின் கயிற்றோடு மேலே இழுபட்டுப் போய்த் தொங்கிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றினது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். வல்வெட்டித்துறையில் அதைப் பற்றிக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். கயிறு எவ்வளவு பாரம் இழுக்கும் என்று கையால் தெரிந்தவர்கள் அவர்கள்.

அன்றைக்கு எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான ஐயா கதிரை போட்டு இருந்தார். எங்கள் சிநேகிதன் பட்டத்துக்கு முச்சை எப்படிக் கட்டுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு நின்றான். தெரியாதவர்களுக்கு: பட்டத்தின் நெஞ்சில் கட்டுகிற அந்த முடிச்சுக் கயிறுதான் முச்சை. அது விரலளவு மேலே கீழே போனாலும் பட்டம் ஒன்றில் குத்துக்கரணம் போடும், இல்லாவிட்டால் எழும்பவே எழும்பாது. ஐயா தலையைத் திருப்பிச் சொன்னார்: "தம்பி, இது பாய்தான். பாயைக் கப்பலில கட்டினால் கப்பல் போகும், கயித்தில கட்டினால் பட்டம் போகும். காத்து ஒண்டுதானே."

பிறகு கை நீட்டி ஒவ்வொரு திசையாகக் காட்டினார். வடகிழக்கிலிருந்து வாறது வாடை, இப்ப அடிக்கிறது அதுதான். தென்மேற்கு சோளகம். கிழக்கு கொண்டல். மேற்கு கச்சான். எனக்குக் கச்சான் என்றால் கோயில் திருவிழாவில் சுருளில் வாங்கித் தின்னுகிற சாமான் மட்டும்தான். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் டவுன் என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ" எனக்குக் கொஞ்சம் சுட்டது.

வீட்ட வந்து ரெண்டு கிழமையாகத் தேடித் தேடிப் படித்தது பட்டத்தைப் பற்றியல்ல, கப்பலைப் பற்றி.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். வல்வெட்டித்துறையிலிருந்து கொழும்புக்கு ரோட்டால் நானூறு கிலோமீற்றருக்கு மேல். நேரே எதிரே, வடமேற்கில், தமிழ்நாட்டுக் கோடிக்கரைக்குக் கடலால் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். இந்தக் கணக்கு ஒன்றே ஊரின் பாதிச் சரித்திரம். கொழும்பு எட்டத்து ஊர், நாகபட்டினம் பக்கத்து ஊர். பொருள் வாங்க, விற்க, கோயிலுக்குப் போக, கலியாணம் பேசக்கூட அந்தக் கரைக்குப் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. அது ராசா காலத்துக் கதை இல்லை. எங்கள் பூட்டன்மார் காலத்துக் கதை.

19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கும் மலையாளக் கரைக்கும் வங்காள விரிகுடா தாண்டி ரங்கூனுக்கும் ஓடின. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது, பர்மா அரிசி இங்கே வந்தது. கப்பலோட்டியை இந்த ஊரில் தண்டையல் என்பார்கள். ஊருக்குள் ரேவடி என்று ஒரு குறிச்சி இருக்கிறது. ரேவு என்றால் துறை. பெயரிலேயே கப்பல் கட்டிக் கிடக்கிறது. ஊரின் பெரிய சிவன் கோயிலான வைத்தீஸ்வரன் கோயிலை 19-ஆம் நூற்றாண்டில் கட்டினவர் திருமேனியார் வெங்கடாசலம்பிள்ளை. அவரும் கப்பல் சொந்தக்காரர்தான். கோபுரத்தைப் பார்க்கேக்கை இது எத்தனை கப்பல் அரிசியின் இலாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய கப்பல் பெருமை கதைக்கேக்கை எங்கள் ஆட்கள் கொஞ்சம் கூடத்தான் மிதப்பார்கள். கப்பல் வைத்திருந்தவர் கோயில் கட்டினார், பெயர் நின்றது. கப்பலில் போய்ப் புயலில் திரும்பி வராத கூலிக் கடலோடியின் பெயரை நான் பார்த்த எந்தக் கல்லிலும் காணவில்லை. வாடைக்காற்றில் கரையைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்களின் கதையையும் இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

இனி அன்னபூரணிக்கு வருவோம். இந்தக் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் இன்னொருதரம் கேட்கலாம்.

அன்னபூரணி வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல். 89 அடி நீளம். உடம்பு வேப்பமரம். கட்டினவர்கள் ஊர் மேஸ்திரிமார். பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள் இல்லை. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்று ஒரு அமெரிக்கர். அவர் சும்மா ஆள் இல்லை. 1928-இல் தொடங்கி 1931 வரை "ஸ்வாப்" என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகத்தையே சுற்றி வந்தவர். படகின் நல்லது கெட்டது தெரிந்தவர். அந்த மனுசன் 1936 அளவில் அன்னபூரணியைப் பார்த்து ஆசைப்பட்டு விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரில் அதற்கு "புளோறன்ஸ் சி. றொபின்சன்" என்று புதுப்பெயர் வைத்தார்.

1937-இல் கப்பல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டது. சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அத்திலாந்திக், பெர்முடா. 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளஸ்டர் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையோடு வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதில் இருந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் இந்த மனிதரைப் படம் பிடித்துப் போட்டன. குளஸ்டர் அமெரிக்காவின் பேர்போன மீன்பிடித் துறைமுகம். கடலில் பழுத்த ஆட்கள் இருக்கிற ஊர். அங்கேயுள்ளவர்களே இறங்கிவந்து பார்த்த கப்பல் எங்களுடைய வேப்பமரத்தில் செய்த கப்பல்.

என்னைப் பிடித்தது அமெரிக்காவுக்குப் போனதல்ல. விற்றுவிட்டார்களே என்பதுதான். உலகம் சுற்றின ஒருவர் ஆசைப்பட்டு வாங்குமளவுக்குக் கப்பல் கட்டத் தெரிந்த ஊர், அதற்குப் பிறகு ஏன் கட்டாமல் விட்டது?

ஒரு பதில் மோட்டார் கப்பலும் நீராவிக் கப்பலும். அது உலகம் முழுக்க நடந்தது. இன்னொரு பதில் 1942. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு ரங்கூன் அரிசி வரவு நின்றுபோனது. மூன்றாவது பதில்தான் எங்களோடு கூடச் சம்பந்தப்பட்டது. சுதந்திரம் கிடைத்த 1948-ஆம் ஆண்டிலேயே குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தது. அதுவரை பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோலப் போய்வந்த கரைக்குப் பாஸ்போட்டும் விசாவும் தேவைப்பட்டது. பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள். 1950களிலேயே கள்ளக்குடியேற்றத்தையும் கடத்தலையும் தடுக்கவென்று இராணுவம் வடகரைக்கு அனுப்பப்பட்டுவிட்டது. 1974-இல் பாக்குநீரிணையில் இரண்டு அரசாங்கங்களும் எல்லைக்கோடு கீறிக் கையெழுத்துப் போட்டன. கச்சதீவு என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருகிற அதே உடன்படிக்கை.

அதே காற்று, அதே தோணி, அதே புடவைக்கட்டு. தகப்பன் செய்தால் வியாபாரம், மகன் செய்தால் கடத்தல். வல்வெட்டித்துறை என்றால் "கடத்தல்காரர் ஊர்" என்று யாழ்ப்பாணத்திலேயே எள்ளிக் கதைப்பார்கள். என் வீட்டிலும் கதைத்திருக்கிறார்கள். கடத்தலை நான் நியாயப்படுத்த வரவில்லை. அதிலே காசு பார்த்தவர்களும் இருந்தார்கள், உயிர் விட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் கோட்டைக் கீறினது யார், எப்போது என்று கேட்காமல் அந்தச் சொல்லை இனி என்னால் பாவிக்க முடியாது. இரவோடு இரவாகத் தோணி ஏறிப்போய் அந்தக் கரையில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு வந்தவர்களின் கதைகள் ஊரில் இன்னும் உலாவுகின்றன. எவ்வளவு உண்மை, எவ்வளவு புளுகு என்று நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள்.

இப்போது நீச்சலுக்கு வருகிறேன். அன்னபூரணிக் கதையும் நீச்சல் கதையும் என் மனதில் ஒன்றுக்கொன்று தொடுப்பானவை. 1954-இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி 27 மணித்தியாலம் நீந்திக் கோடிக்கரையில் ஏறினார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் ஆள் அவர். ஆண்டைக் கவனியுங்கள். விசா வந்து கொஞ்சக் காலம்தான். கப்பலில் போக முடியாமல் போன பாதையில் ஒரு மனுசன் கையைக் காலை அடித்துக்கொண்டு போகிறான். அவர் அதை அரசியலாக நினைத்துச் செய்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அது என் வாசிப்பு மட்டும்தான்.

அவருக்குப் பிறகு ஆழிக்குமரன் ஆனந்தன். வல்வெட்டித்துறைக்காரர், 1943-இல் பிறந்தவர். 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், நிற்காமல் திரும்பி நீந்தி 51 மணித்தியாலத்தில் வந்தார். ரெண்டு நாளுக்கு மேல் தண்ணிக்குள். அந்த ஆளுக்குச் சாதனைப் பைத்தியம் பிடித்திருந்தது என்றே சொல்லலாம். 1979-இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். சென்னையில் நீச்சல் தடாகத்துக்குள் 80 மணித்தியாலம் கால் தரையில் படாமல் மிதந்தார். கின்னஸ் புத்தகத்தில் பல தரம் பெயர் வந்தது. 1984 ஆகஸ்ட் 6-ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கப் போன இடத்தில் கடலிலேயே உயிர் போனது. அப்போது 41 வயது.

1984. இங்கே நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வல்வெட்டித்துறை என்ற பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் இப்போது முதலில் ஞாபகம் வருகிறவர் இங்கே பிறந்த வேலுப்பிள்ளை பிரபாகரன். அதனாலேயே ஊரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் கடற்கரைக்குப் போகாமல் ஒரு வீட்டு வளவைத் தேடிப் போகிறார்கள். மற்றப் பாதி அந்தப் பெயருக்குப் பயந்து ஊருக்கே வருவதில்லை. இரண்டு பக்கமும் ஊரைப் பார்ப்பதில்லை. ஊர் அந்தக் காலத்துக்குக் கொடுத்த விலை பெரியது. 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்தியப் படையினர் இங்கே அறுபதுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். பக்கத்துக் கரை என்று நூறு வருசம் போய்வந்த நாட்டின் படை. ஊர் இன்னும் வருடாவருடம் அந்த நாட்களை நினைவுகூருகிறது.

யுத்தகாலம் முழுக்கக் கடல் பூட்டியது. மீன்பிடிக்கே தடை, நேரக்கட்டுப்பாடு, பாஸ். கடற்கரைக்குப் போறது விளையாட்டு விசயம் இல்லை. எங்கள் தலைமுறைக்கு அம்மா அப்பாவிடமிருந்து கிடைத்த கடல் அந்தக் கடல்தான்: "அங்க போகாத." அதுக்கு மேலே 2004 சுனாமி. நான் கடலுக்கு நாலைந்து மைலுக்குள் பிறந்து வளர்ந்தவன், எனக்கு நீந்தத் தெரியாது. எங்களோடு வந்த நாலு பேரில் ஒருவனுக்கும் தெரியாது. வந்தவர்களில் ஒருத்தி சொன்னாள்: "உங்களுக்காவது பழகச் சொல்லி ஆரும் கேட்டிருப்பினம். எங்களை முழங்கால் நனைய விட்டதே பெரிய விசயம்." ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

ஆகவே அந்த ஐயா சொன்ன "பாய்" கதையை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். காற்றைப் படிக்கிறது, கயிறு முடிகிறது, பாரம் பார்த்து மரம் சீவுகிறது, தண்ணிக்குள் பயமில்லாமல் கிடக்கிறது. இவையெல்லாம் ஒருகாலத்தில் இந்த ஊரில் பிழைப்பு. பிழைப்புக்கு வழி அடைபட்டபோது அதெல்லாம் விளையாட்டுக்குள் போய் இருந்துகொண்டது. சுற்றுலாப் பேச்சில் "உள்ளூர்க் கலாசாரம்", "பொழுதுபோக்கு" என்று ரெண்டு பெட்டியாகப் பிரித்து வைப்பார்கள். வல்வெட்டித்துறையில் எனக்கு அந்த ரெண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விசயம். பட்டம் பார்க்கத் தை. ஆனால் வாடை அடிக்கிற நேரம் இந்தக் கரையில் கடல் முரடு, கல்லும் பாரும் நிறைந்த கரை வேறு. ஊராட்களைக் கேட்காமல் இறங்காதீர்கள். குளிக்க ஆசையென்றால் மாசி பங்குனி கழித்து, கடல் படுத்த பிறகு போங்கள். சித்திரைப் பௌர்ணமிக்கு முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தம், இரவு இந்திரவிழா. ஊர் முழுக்க லைற்றும் மேடையும் வானத்தில் புகைக்குண்டுகளும். அன்றைக்கு வீதி வழிய நடந்தால் போதும், பொழுது விடிந்துவிடும். ரேவடியில் ஆழிக்குமரன் ஆனந்தனின் பெயரில் நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். வழியில் சந்நிதியில் அன்னதானம், அப்படியே பருத்தித்துறை வரை போனால் தட்டைவடை. சாப்பாட்டைப் பற்றி இதுக்கு மேலே எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023-இல் பயணிகள் கப்பல் விடத் தொடங்கினார்கள். விடுவதும் நிற்பதுமாகத்தான் ஓடுகிறது. ரிக்கெற், பாஸ்போட், விசா, பொதி நிறுவை எல்லாம் உண்டு. அந்தச் செய்தியை அன்றைக்குக் கதிரையில் இருந்த ஐயாவிடம் சொன்னேன். "எத்தனை மணித்தியாலம்?" என்று மட்டும் கேட்டார். நாலு வரும் என்றேன். மனதுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தார். "நல்ல கொண்டல் கிடைச்சால் பாயிலயே போகலாம், கொஞ்சம் பிந்தும்" என்றார்.

பங்குனியில் நாங்கள் திரும்பவும் போனோம். இந்தமுறை பட்டம் இல்லை, சனமில்லை. கடல் எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பொடியள் கல்லிலிருந்து குதித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் நெஞ்சளவு தண்ணியில் ஒருத்தரையொருத்தர் பிடித்தபடி நிற்க, அதிலொருவன் நீந்தி வந்து எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். "அண்ணை, காலை எடுங்கோ. கடல் தாக்காட்டும்" என்றான். எங்கள் சிநேகிதிதான் முதலில் காலை எடுத்தாள். ஒரு மூன்று செக்கன் மிதந்திருப்பாள். பிறகு உப்புத்தண்ணி குடித்து இருமிக்கொண்டு எழும்பி, "இன்னொருக்கா" என்றாள்.